பளபளத்த நான்கு டயர்கள்

நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. வீட்டில் பேசுவேன். பழகியவர்களிடம் இரண்டொரு வார்த்தை பேசுவேன். மற்ற இடத்தில் பின்னால் ஒதுங்கி நிற்பேன். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்த நாட்கள் நிறைய. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரப்பர் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். அச்சிலிருந்து சூடாக வரும் வளையம், வாஷர் எல்லாவற்றின் ஓரத்திலும் பிசிர் நிற்கும். அதைக் கத்தியால் சீவி எடுத்து, சிலிகான் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்து, பெட்டியில் போட வேண்டும். துடைத்தால்தான் சாமான் கறுப்பாக மின்னும். மின்னாவிட்டால் பேக்கிங்கில் இருப்பவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த வேலைக்குப் பேச்சு தேவையில்லை.

தேவைப்பட்ட இடத்தில் எனக்காகப் பேசியவர், பக்கத்தில் ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ்ஸில் இருந்த அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எனக்கு லீவு வேண்டுமென்றாலும் அவர்தான் சூப்பர்வைசரிடம் கேட்பார். கேன்டீனில் இன்னொரு கரண்டி சாம்பார் வேண்டுமென்றாலும், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் தட்டைக் காட்டுவார். பிரஸ்ஸில் அவர் கை தனி. ரப்பர் துண்டை அச்சின் நடு மையத்தில் வைப்பார். அப்படி வைத்தால் பிசிர் சுற்றிலும் ஒரே மாதிரி மெல்லியதாக வரும். கொஞ்சம் விலகினாலும் ஒரு பக்கம் தடித்துவிடும். யார் போட்ட சாமான் என்று எழுதி ஒட்ட மாட்டார்கள். ஆனால் அவர் போட்டது என் கைக்குத் தெரியும்.

போன வருடம் அவருக்கு இடது பக்கம் வாதம் வந்தது. வாய் கோணவில்லை, பேச்சு போகவில்லை. கால் சில வாரங்களில் சரியானது. இடது கை மட்டும் சொன்னதைக் கேட்கவில்லை. பிரஸ்ஸுக்கு இரண்டு பச்சைப் பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால்தான் அச்சு மூடும். ஒரு கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இடது கை ஒரு நொடி தாமதித்தாலும் பிரஸ் அசையாது.

பொன்னேரியில் பிசியோதெரபி செய்யும் ஒரு தம்பியிடம் அவர் போய்வந்தார். விரலுக்குப் பயிற்சி என்று முதலில் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்தார்கள். அண்ணன் இரண்டே நாளில் அதைத் தெரு நாய்க்குப் போட்டுவிட்டார். பிறகு அந்தத் தம்பி தன்னுடைய பழைய ரிமோட் கார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். முழங்கை நீளம் இருக்கும். வேகமாக ஓடுகிற வகை இல்லை, பாறை ஏறுகிற வகை. கிராலர் என்பார்கள். ரிமோட்டை இடது கையில் துப்பாக்கி மாதிரி பிடித்து, ஆள்காட்டி விரலால் விசையை மெல்ல இழுக்க வேண்டும். சட்டென்று இழுத்தால் கார் மல்லாந்துவிடும். நெல்லளவு நெல்லளவாக நகர்த்தினால் ஏறும். அண்ணனின் விரலுக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை.

அந்தத் தம்பியும் இன்னும் சிலரும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஒரு குன்றடியில் கூடி இந்தக் கார்களை ஓட்டுவார்கள். அண்ணனும் போக ஆரம்பித்தார். அங்கே ஒரு சரிவுப் பாறை இருக்கிறது. செம்மண் நிறம், கூழாங்கல் பதித்த மாதிரி முதுகு. பழைய டயரோடு அண்ணனின் கார் அதில் பாதிகூட ஏறவில்லை. ரப்பர் காய்ந்து எலும்பாக இருந்தது.

"எங்கிட்ட ஒரு ரப்பர்காரன் கீறான், இட்டாரேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன்.

பிசியோதெரபி தம்பி மூன்று செட் டயர்களை மேசையில் வைத்தார். உறையில் என்னென்னவோ இங்கிலீஷில் எழுதியிருந்தது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று சொல்லவும் கூச்சம். கட்டைவிரல் நகத்தை ஒவ்வொன்றிலும் அழுத்தினேன். முதல் டயரில் தடம் உடனே மறைந்தது. அது துள்ளுகிற ரப்பர், பாறையில் பட்டால் உதறிவிடும். இரண்டாவதில் நகமே இறங்கவில்லை. மூன்றாவதில் தடம் விழுந்து, யோசித்து யோசித்து நிமிர்ந்தது. அதைத் தனியாகத் தள்ளி வைத்தேன். அந்தத் தம்பி உறையைப் பார்த்துவிட்டு, மூன்றிலும் அதுதான் மிருதுவானது, பாறைக்கென்றே செய்தது என்றார். அண்ணன் தானே தேர்வு எழுதிப் பாஸான மாதிரி மீசையைத் தடவினார்.

இந்த டயர்களில் காற்று கிடையாது. உள்ளே ஃபோம் வளையம் இருக்கும். அது ரொம்ப மெத்தென்று இருந்தால் சாய்ந்த பாறையில் டயர் மடிந்து கார் உருளும். கெட்டியாக இருந்தால் டயர் கல்லைக் கவ்வாது. இரண்டும் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பழைய ரப்பர் செருப்பின் அடியை வளையமாக அறுத்து உள்ளே வைத்தேன். அதன்மேல் சோபா தைக்கும் கடையில் வாங்கிய மெத்தை ஃபோம். ஃபோமின் இரண்டு ஓரத்தையும் சாய்வாகச் சீவினேன். டயரின் தோள் கல்லின்மேல் படிய வேண்டுமே. பிறகு டயரின் முரட்டுப் பற்களில், ஒன்றுவிட்டு ஒன்றில், பிளேடால் குறுக்கே மெல்லிய கீறல் போட்டேன். கீறல் விழுந்த பல் விரல் மாதிரி பிரிந்து பிடிக்கும். அடிவரை கீறக் கூடாது, கிழிந்துவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது என் கைக்கே தெரிந்தது. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு வாரம் ஆனது. டயரின் ஓரத்தை வளையம் வைத்துத் திருகாணியால் முடுக்குகிற சக்கரம் அது. பசை தேவைப்படவில்லை.

அந்த வாரம்தான் சூப்பர்வைசர், லீவில் இருந்த அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். பிரஸ்ஸில் ஒருமுறை சோதித்துப் பார்க்கிறாயா, இல்லை பேக்கிங்கில் உட்கார்ந்த வேலையே எடுத்துக்கொள்கிறாயா, திங்கட்கிழமை சொல் என்றார். அண்ணன் வெளியே வந்து டீ குடிக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

"ஞாயித்துக்கெயம அந்தப் பாறை ஏறிட்டன்னா பிரஸ்ஸு. ஏறலன்னா கையி அவ்ளோதான்னு அர்த்தம். மூடிக்கினு பேக்கிங் போயிடுவன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டீ டம்ளரை இடது கையில் பிடித்திருந்தார். அது லேசாக ஆடியது.

ஞாயிறு காலை கட்டைப்பையில் காரை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஊத்துக்கோட்டை வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. குன்றடியில் பிசியோதெரபி தம்பியோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் திருவள்ளூரில் பல் டாக்டர். ஒருவர் ஸ்டுடியோ வைத்திருப்பவர். மூன்றாமவர் கம்ப்யூட்டர் வேலை. நான் வழக்கம்போல அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பையிலிருந்து காரை எடுத்ததும் பல் டாக்டர் குனிந்து பார்த்து, டயர் என்னமாய் மின்னுகிறது என்றார். எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

அண்ணன் விசையை இழுத்தார். கார் பாறையின் அடியில் ஏறியது, ஒரு முழம் போனது, அப்படியே வழுக்கிக் கீழே வந்தது. மறுபடி வைத்தார், அதே இடத்தில் வழுக்கியது. மூன்றாம் முறை பக்கவாட்டில் சரிந்து உருண்டு என் காலடியில் வந்து விழுந்தது. பழைய எலும்பு டயரே இதைவிட மேலே போயிருந்தது.

காரை எடுத்தேன். கட்டைவிரல் டயரில் நிற்காமல் நழுவியது. விரலை விரலோடு தேய்த்துப் பார்த்தேன். தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் டயர்களைத் துடைத்திருந்தேன். என் மேசைத் துணியால்தான். சீவியதைத் துடைக்காமல் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. கை தானாகச் செய்துவிட்டது. அழகாகக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இரண்டு துடை அதிகமாகவே துடைத்திருப்பேன்.

இனி எழுதுவது எனக்கு வெட்கமான விஷயம். தெரிந்தும் நான் சொல்லவில்லை. காரைத் துடைத்து அண்ணனிடம் நீட்டினேன். ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எப்படிச் சொல்வது என்று நின்றேன். அண்ணன் இன்னும் இரண்டு முறை ஏற்றிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் காரைப் பார்க்கவில்லை. தன் இடது விரலைப் பார்த்தார். பிறகு ரிமோட்டை அணைத்தார்.

"வுடு தம்பி. கையி போச்சு. டயர் புதுசு, எல்லாம் நல்லாத்தான் கீது. நம்ம கையிதான் பேஜாரு" என்று பிசியோதெரபி தம்பியிடம் சொல்லிவிட்டுக் கட்டைப்பையை எடுத்தார்.

அந்தத் தம்பி, "அவசரப்படாதீங்க அங்கிள்" என்றார். அண்ணன் கேட்கவில்லை. காரைப் பைக்குள் இறக்கினார். ஒரு கையால் இறக்க முடியவில்லை, இடது கையால் பையின் காதைப் பிடிக்கப் பார்த்து அது நழுவியது.

"கையி இல்லணா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். "நான் சிலிகான் தொடச்சிட்டன். கம்பெனில தொடக்கிற மாதிரி. அதான் வழுக்குது. எனக்கு மூணாவது வாட்டியே தெரியும். சொல்லல."

அண்ணன் காரை வெளியே எடுத்து டயரில் விரலை வைத்தார். இருபது வருடம் ரப்பரில் இருந்தவர், அவருக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இஸ்கோலுக்கு அனுப்பற புள்ளைக்கு எண்ண தடவி அனுப்பற மாதிரி அனுப்பிக்கிறான் பாரு" என்றார்.

முதலில் சிரித்தது பல் டாக்டர்தான். பிறகு எல்லோரும். என் கண்ணில் தண்ணீர் வந்தது. நானும் சிரித்தேன்.

சிலிகானைத் துணியால் துடைத்தால் போகாது. மேல் தோலைச் சொரசொரப்பாக்கி எடுக்க வேண்டும். அதையும் நானே சொன்னேன். ஒருமுறை வாய் திறந்த பிறகு இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஸ்டுடியோக்காரர் தன் பெட்டியிலிருந்து உப்புத்தாள் எடுத்துக் கொடுத்தார். கம்ப்யூட்டர்காரர் ரோட்டோர டீக்கடைக்குப் போய் பாத்திரம் விளக்கும் சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் வாங்கி வந்தார். சக்கரங்களைக் கழற்றினோம். நான்கு பேர் ஆளுக்கு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தோம். பல் டாக்டர் பழைய பிரஷ் ஒன்றை எடுத்து ஒவ்வொரு பல்லாக விளக்கினார். சொத்தை இல்லையே என்று அண்ணன் கேட்டார். கீறல் போட்ட பற்கள் பிய்ந்துவிடாமல் எந்தப் பக்கமாகத் தேய்க்க வேண்டும் என்று நான் காட்டினேன். அவர்கள் என் பேச்சைக் கேட்டுத் தேய்த்தார்கள். அப்படி ஒரு காலை எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

டயர்கள் மங்கிச் சாம்பல் பூத்தன. நகம் வைத்தேன், நின்றது. வெயிலில் காயவைத்து மாட்டினோம்.

அண்ணன் மறுபடி விசையை இழுத்தார். கார் வழுக்கிய இடத்தைத் தாண்டியது. அதற்கு மேலே ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. முன் சக்கரம் அதில் முட்டி நின்றது. இங்கே சட்டென்று இழுத்தால் மல்லாந்துவிடும். அவர் இழுக்கவில்லை. விரல் நடுங்கியது. நடுங்கினாலும் விடாமல் பிடித்திருந்தது. டயர் மெல்ல நசுங்கிக் கல்லின் வடிவத்துக்கு வந்தது. கீறல் போட்ட பற்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து பிடித்தன. முன் சக்கரம் ஏறியது, பின் சக்கரமும் ஏறியது. பாறையின் உச்சியில் கார் நின்றது.

அந்தப் பக்கம் இறங்கும்போது குப்புற விழுந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். "ஏர்றதுக்குத்தான் பந்தயம். எறங்கறத பத்திப் பேச்சே இல்ல" என்றார் அண்ணன்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். கட்டைப்பை என் மடியில் இருந்தது. என்மேல் கோபம் இல்லையா என்று கேட்க நினைத்தேன். எழுப்ப மனம் வரவில்லை. எங்கள் நிறுத்தம் வந்தபோது எழுந்து நின்று, "நிறுத்துங்க, எறங்கணும்" என்று கண்டக்டரிடம் நானே சொன்னேன்.

திங்கட்கிழமை அண்ணன் சூப்பர்வைசரிடம் பிரஸ் என்று சொன்னார். டாக்டர் சீட்டு, சோதனை எல்லாம் முடிய இரண்டு வாரம் ஆனது. முதல் நாள் அவர் பிரஸ் பக்கம் போனபோது நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்குக் கை ஆடுமோ என்று பயம். குனிந்து சீவிக்கொண்டே இருந்தேன். காலை நாஷ்டாவுக்கு முன் ஒரு தட்டு வளையங்கள் சூடாக என் மேசைக்கு வந்தன. மேலிருந்த இரண்டு மூன்றில் பிசிர் ஒரு பக்கம் தடித்திருந்தது. நான்காவதை எடுத்தேன். பிசிர் சுற்றிலும் ஒரே மாதிரி, வெங்காயத் தோல் போல இருந்தது.

அதை உடனே சீவ மனமில்லை. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன். சூடு ஆறிய பிறகு சீவினேன். துணியை எடுத்து, சிலிகானில் நன்றாக நனைத்து, பளபளவென்று துடைத்துப் பெட்டியில் போட்டேன்.