மூன்றாவது கிண்ணத்து நெருப்பு

யுத்தம் முடிந்து நான்கைந்து வருடங்கள் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நியமனத்தில் மதுரங்குளிப் பக்கம் ஒரு பாடசாலைக்கு வந்திருந்தேன், உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்க. புது டீச்சர் என்றால் கேட்கவா வேண்டும்? எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

அன்று பாடம் ஒபிற்றல்; அணுவுக்குள் இலத்திரன் இருக்கக்கூடிய வெளி. "இலத்திரன் எங்க நிக்குது எண்டு ஒருத்தராலயும் பார்க்கேலாது. எங்க நிக்கக்கூடும் எண்டுதான் சொல்லலாம். கண்ணுக்குத் தெரியேல்ல எண்டதுக்காக அங்க ஒண்டும் இல்லை எண்டு நினைக்கக்கூடாது" என்று அடித்துச் சொன்னேன். பிள்ளைகளின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சரி, இலத்திரன் மேல் மட்டத்திலிருந்து கீழே இறங்கும்போது வரும் நிறத்தையாவது காட்டுவோம் என்று ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனேன்.

மூன்று பீங்கான் கிண்ணங்களில் ஸ்பிரிட் ஊற்றினேன். ஒன்றில் உப்பு; உப்பளத்தில் வேலை செய்பவரின் மகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. இரண்டாவதில் செப்பு உப்பு. மூன்றாவதில், ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் ஸ்பிரிட். பற்றவைத்ததும் ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. நான்கு பிள்ளைகள் வாயைப் பிளந்தபடி மேசைமேல் குனிந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது மட்டும் சற்று நேரத்தில் அணைந்துவிட்டது போலிருந்தது. காலை வெயில் யன்னல் வழியாக நேரே மேசையில் விழுந்துகொண்டிருந்தது.

ஒருத்தி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"சுவரில என்ன படம் ஓடுதோ? இஞ்ச பாரும்!" என்று ஏசிவிட்டு, மூன்றாவது கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றுவதற்காக ஸ்பிரிட் போத்தலைத் திறந்து சரிக்கப் போனேன்.

"டீச்சர், ஊத்தாதீங்க! நெருப்பு இரிக்கி!"

அவள்தான். என் கை அப்படியே நின்றுவிட்டது. போத்தலை மூடித் தூர வைத்துவிட்டு, ஒரு கடதாசித் துண்டை இடுக்கியால் பிடித்துக் கிண்ணத்தின்மேல் நீட்டினேன். குப்பென்று பற்றிக்கொண்டது. வெயிலில் தெரியாமல் அது எரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. ஊற்றியிருந்தால் நெருப்பு போத்தலுக்குள் ஏறி, குனிந்திருந்த நான்கு முகங்களிலும் சீறியிருக்கும். கிண்ணங்களை ஓட்டுத் துண்டுகளால் மூடிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எப்படித் தெரிந்தது என்று அவளிடம் கேட்டேன். மூன்றாவது கிண்ணத்துக்கு நேர் பின்னால் சுவரில் தொங்கிய ஆவர்த்தன அட்டவணையின் எழுத்துகள், மேலெழும் சூட்டில் ஆடினவாம்.

"அதத்தான் டீச்சர் பாத்துக்கிட்டு இரிந்தேன். அப்பவே சொல்லப் போனேன். நீங்க ஏசினதும் பயந்துட்டேன்."

அந்தப் பயம் இன்னும் ஒரு நொடி நீடித்திருந்தால் போத்தல் சரிந்திருக்கும். எல்லோர் முன்னிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் வெட்கப்பட்டுப் பக்கத்திலிருந்தவளின் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்று நினைக்காதே என்று சற்றுமுன் பாடம் நடத்தியவள் நான்; அதை விளங்கிக்கொண்டவள் அவள். இன்றைக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தால், ஏச வாய் திறப்பதற்கு முன் நானும் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.