வட்டக்காவின் நெற்றி

ஒப்பனை அறைக் கண்ணாடியின் முன்னால் நின்று வட்டக்கா தன்னையே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். யார்? புருவங்கள் நெருங்குகின்றன. எங்கே? தலை லேசாகச் சாய்கிறது. உண்டா, இல்லையா? இரண்டு புருவமும் மேலே ஏறுகின்றன. நெற்றியில் மூன்று கோடுகள் வரப்புபோல் எழுந்து அடங்குகின்றன. வாயிலிருந்து சத்தமே இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அக்கா யார் மேலோ கடும் கோபத்தில் இருப்பதாக நினைத்துத் திரும்பிப் போய்விடுவார்கள்.

"பாடறவங்க தொண்டையைச் சரி பண்ணிக்கறாங்கல்ல? எனக்கு நெத்திதான் தொண்டை" என்பார்.

தொலைக்காட்சியில் மாலைச் செய்தியைச் சைகை மொழியில் சொல்பவர் அவர். திரையின் கீழ் மூலையில் ஒரு வட்டத்துக்குள் இடுப்புவரை தெரிவார். வட்டத்துக்குள் நிற்கும் அக்கா நாளடைவில் வட்டக்கா ஆகிவிட்டார். வாசல் காவலர் முதல் மேலதிகாரி வரை எல்லோருக்கும் அப்படித்தான். நான் அதே அலுவலகத்தில் செய்தி எழுதுகிறவள். என் நீண்ட வாக்கியம் ஏதாவது அவர் கைக்கு வந்து சேர்ந்தால், இடைவேளையில் என் மேசைக்கு வந்து நிற்பார். "ஏம்மா, ஒரு முற்றுப்புள்ளி வச்சா குறைஞ்சா போயிடுவே? எனக்கென்ன பத்துக் கையா?"

வயது முப்பத்தாறு. கறுப்பு முழுக்கைச் சட்டை. மோதிரம் கிடையாது, வளையல் கிடையாது, நகப்பூச்சு கிடையாது. கைகள் பேசும்போது வேறெதுவும் மின்னக் கூடாது. போனில் பேசும்போதும் புருவத்தைத் தூக்கித்தான் கேள்வி கேட்பார், எதிர்முனையில் இருப்பவருக்கு அது தெரியப்போவது போல.

கணவர் பிறவியிலேயே காது கேளாதவர். மரச்சாமான்கள் செய்யும் பட்டறையில் தச்சர். அவரோடு பேசத்தான் அக்கா அந்த மொழியைக் கற்றுக்கொண்டார். "காதலிக்கக் கத்துக்கிட்டது, இப்போ கஞ்சி ஊத்துது." அவர்கள் வீட்டில் கூப்பிட வேண்டுமென்றால் விளக்கை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். சண்டை வந்தால் கதவைச் சாத்துவதில்லை, கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கண்ணை மூடியவரை எந்த வார்த்தையாலும் தொட முடியாது. "கல்யாணமான புதுசுல நான் ஒரு மணி நேரம் மூடிக்கிட்டேன். தூங்கிட்டேன். எழுந்து பார்த்தா அந்த மனுஷனும் எதிர்ல உக்காந்து தூங்கறாரு. எதுக்குச் சண்டைன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகமில்லை."

அவர் நெற்றி எதற்கு இத்தனை வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தமிழில் 'குடிக்கலாம்' என்பதோடு ஒரு 'ஆ' சேர்த்தால் கேள்வி ஆகிவிடும். சைகை மொழியில் அந்த 'ஆ' கையில் இல்லை, புருவத்தில் இருக்கிறது. கை இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் அசையும். புருவம் ஏறினால் கேள்வி, ஏறாவிட்டால் பதில்.

இந்த வருடம் நிலையத்துக்குப் புதிய கேமராக்கள் வந்தன. செய்திப் பிரிவின் பொறுப்பாளர் நல்ல பிள்ளை. அக்காவைவிட இளையவர், மரியாதை தெரிந்தவர். அதனாலேயே அவர் சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் ஒரு தேநீர் ஆறிப்போனது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. புது கேமரா கொஞ்சம் அதிகமாவே உண்மை பேசுது. மேலிடத்துல பார்த்துட்டு... முகத்துக்கு ஏதாவது போடலாமேன்னு..."

"வட்டமே உள்ளங்கை அளவுதானே தம்பி. அதுக்குள்ள என் நெத்தி தெரியுதாமா?"

"தெரியுதுக்கா."

அந்த வாரமே, சைகை மொழி படித்த ஒரு பெண் நிலையத்துக்குச் சோதனைக்கு வந்து போனாள். இருபத்து நான்கு, இருபத்தைந்து இருக்கும். நெற்றி துடைத்து வைத்த தட்டு மாதிரி. அக்கா அவளிடம் அன்பாகப் பேசினார், தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், விரல்களை எவ்வளவு உயரத்தில் வைத்தால் வட்டத்துக்குள் நிற்கும் என்றுகூடக் காட்டினார். அவள் போன பிறகு என்னிடம், "நாளைக்கு என்கூடக் கடைக்கு வர்றியா?" என்றார்.

பெரிய கடை. முகப்பூச்சுகளுக்கென்றே தரைத்தளம் முழுவதும். அங்கே விளக்குகளைக் கீழிருந்து மேலே அடிக்கும்படி வைத்திருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் எல்லோருமே பத்து வயது குறைந்து தெரிந்தோம். விற்பனைப் பெண் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் ஒன்றுதான் பாக்கி. அக்காவின் முகத்தை ஒரு வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்து, பெருமூச்சு விட்டாள்.

"முப்பதுலயே ஆரம்பிச்சிருக்கணும் மேடம்."

"முப்பதுல வேற வேலையா இருந்தேம்மா."

ஜாடிகள் வரிசையாக வந்தன. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, கண்ணுக்குக் கீழே ஒன்று, கழுத்துக்கு ஒன்று. ஒரு ஜாடியின் மூடியைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, "விலையில பாதி மூடிக்குத்தானே?" என்றார் அக்கா. அந்தப் பெண் சிரிக்கவில்லை. கடைசியில், பூட்டிய அலமாரியைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். அதிலிருந்து ஒரு துளியை அக்காவின் பாதி நெற்றியில் மட்டும் பூசி, கைவிசிறியால் விசிறினாள். எங்கள் கண்முன்னாலேயே ஒரு பக்கத்துக் கோடுகள் மறைந்தன. மறுபக்கம் முப்பத்தாறு அப்படியே இருந்தது.

"இழுத்துப் பிடிச்சுக்கும் மேடம். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. முகத்தை ரொம்ப அசைக்காம இருந்தா நாள் முழுக்க நிக்கும்."

அக்கா கண்ணாடியில் அந்தப் பாதி நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாடி மூடியைக் கேலி செய்தவர் முகம் அது இல்லை. விலைச்சீட்டைப் பார்த்ததும் என் புருவம்தான் மேலே போனது. அவருடையது போகவில்லை. "குடும்மா" என்றார்.

மறுநாள் முதல் நிலையத்தில் ஒரே பாராட்டு. ஒப்பனைக்காரம்மா தன் பெட்டியை மூடிவைத்துவிட்டு, "எனக்கு வேலையே வைக்கலையே அக்கா" என்றார். பொறுப்பாளர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சோதனைக்கு வந்த பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரே ஒரு தொல்லை: நெற்றியை அழுத்தமாகச் சுருக்கினால் பூச்சு பாளம் பாளமாக வெடித்து, பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்வதுபோல் உதிர்ந்தது. ஒருமுறை கறுப்புச் சட்டையின் தோளில் விழுந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் அறியாமலேயே புருவம் அடங்கிப்போனது. கண்ணாடி முன்னால் கேள்வி கேட்பதும் நின்றுவிட்டது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நகரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஏதோ பழுது. மாலைச் செய்தியில் அதுதான் முதல். செய்தி வாசிப்பவர், விளம்பர இடைவேளைக்கு முன் நான் எழுதிக்கொடுத்த வரியை வாசித்தார்: "குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? சுகாதாரத் துறையின் விளக்கம் அடுத்து." அக்காவின் கைகள் அழகாக அசைந்தன. நெற்றி பளிங்குபோல் இருந்தது.

இடைவேளை தொடங்கியதும் அவர் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் கணவர். பட்டறையில் இன்னும் இரண்டு தச்சர்கள் காது கேளாதவர்கள். மூவரும் அங்கிருந்த தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவருக்குப் பின்னால் ஒருவர் குழாயைத் திறந்து குடுவையை நிரப்பிக்கொண்டிருந்தார். கணவர் கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு வேகவேகமாகச் சைகை செய்தார். அன்று அவர்கள் பேசிக்கொண்டதை அக்கா பிறகு எனக்குச் சொன்னார்.

"தண்ணி குடிக்கலாம்னா சொன்னே?"

"இல்லை. குடிக்கலாமான்னு கேட்டேன்."

"நீ கேக்கலை. சொன்னே."

அக்கா நின்ற இடத்திலேயே கண்ணாடித் தடுப்பில் தன் முகத்தைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். பாதிதான் ஏறியது. "குழாயை மூடச் சொல்லுங்க, யாரும் குடிக்கக் கூடாது" என்று கணவரிடம் சொல்லிவிட்டு ஒப்பனை மேசைக்கு ஓடினார். ஈரத் துண்டை எடுத்து நெற்றியைத் தேய்த்தார். பூச்சோடு ஒப்பனையும் போயிற்று. தோல் சிவந்துபோனது. அந்தக் கோலத்தில் பொறுப்பாளர் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, இடைவேளை முடிஞ்சதும் முதல்ல என்னைக் காட்டணும். தப்பாச் சொல்லிட்டேன்."

"அடுத்து அந்த விளக்கம்தானே வருது அக்கா? குடிக்கக் கூடாதுன்னு அதுல தெளிவாவே இருக்கே."

"குடிக்கலாம்னு பார்த்தவங்க அப்பவே எழுந்து போயிருப்பாங்க. விளக்கத்துக்கு யார் உக்காந்திருப்பா? திரை முழுக்க நான் நின்னா என்னமோ ஏதோன்னு பக்கத்துல இருக்கறவங்களாவது கூப்பிட்டுக் காட்டுவாங்க."

அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "இப்படியேவா?"

"இப்படியேதான்."

பொறுப்பாளர் ஒலிவாங்கியில் குனிந்து, "இடைவேளையைக் குறைங்க. இரண்டாவது கேமரா, அக்கா மேல. முழுத்திரை" என்றார்.

அத்தனை வருட வேலையில் அவர் வட்டத்தை விட்டு வெளியே வந்தது அன்றுதான். நெற்றியில் சிவப்புத் திட்டுகள், காதோரம் ஈரமுடி, ஒரு கன்னத்தில் ஒப்பனை வழிந்த கோடு. சற்று முன் கேட்டது கேள்வி என்றார். மூன்று கோடுகளும் முழுதாய் எழுந்தன. குடிக்க வேண்டாம், மறு அறிவிப்பு வரும்வரை வேண்டவே வேண்டாம் என்றார். அடுத்த வீட்டில் காது கேளாதவர் இருந்தால் போய்ச் சொல்லுங்கள் என்று செய்தி வாசிப்பவர் குரல் கொடுத்தார். அதோடு அக்கா வட்டத்துக்குத் திரும்பி, கடைசிவரை செய்தியைச் சொல்லி முடித்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் செய்தி முடிந்ததும் ஒப்பனை அறையில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வேலை போயிடும்னு பயமா அக்கா?"

"அது போனாப் போகுது. போனை வைக்கறதுக்கு முன்னாடி இந்த மனுஷன் என்ன கேட்டாரு தெரியுமா? 'என் மேல இருக்கற கோபம் போயிடுச்சா'ன்னு. எனக்கு எந்தக் கோபமும் இல்லம்மா. நான் 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டா, அவருக்கு 'சாப்பிட்டீங்க'ன்னு சொல்ற மாதிரி இருந்திருக்கு. எதைக் கேட்டாலும் அப்படித்தான். இவ கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே சண்டை போடறா போலன்னு, என்ன தப்பு பண்ணோம்னு தெரியாம, அந்த மனுஷன் இத்தனை நாளும் பாத்திரம் தேய்ச்சு வச்சிருக்காரு."

சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேலை போகவில்லை. சோதனைக்கு வந்த இளம்பெண்ணுக்குக் காலைச் செய்தியைக் கொடுத்தார்கள், மாலை அக்காவுக்கே. அன்றைய முழுத்திரையைப் பார்த்த மேலிடத்திலிருந்து நெற்றியைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை.

இதோடு முகப்பூச்சையே தலைமுழுகிவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியாது. "எனக்கு வயசாகறது பிடிக்கலை. அதுல என்ன வெட்கம்? கேள்வி கேக்க விடாத பூச்சு வேண்டாம், அவ்வளவுதான்" என்றார். அடுத்த விடுமுறை நாளில் மறுபடியும் அதே கடை. இந்த முறை கணவரும் வந்திருந்தார். ஒல்லியான, உயரமான மனிதர், காதில் பென்சிலோடு.

அக்கா ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் ஒரு துளி எடுத்து நெற்றியில் பூசி, காயவிட்டு, கண்ணாடி முன்னால் தன் கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார். வெள்ளைக் கோட்டுப் பெண் ஓரடி பின்வாங்கினாள்.

"மேடம், ஏதாவது கோபமா?"

"இல்லம்மா. இது 'ஏன்'. இரு, அடுத்து 'எப்போ'."

ஒன்று வெடித்தது, ஒன்று வழிந்தது, ஒன்று கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. எதிர் வரிசை விற்பனைப் பெண்களும் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் எலுமிச்சை அளவே இருந்த ஒரு ஜாடி. பூசியதும் நெற்றி மினுங்கியது, புருவத்தோடு கூடவே ஏறி இறங்கியது. கோடுகள் எங்கும் போகவில்லை. சற்று மெத்தென்று ஆனதுபோல் இருந்தன. அக்கா திரும்பிக் கணவரைப் பார்த்து ஏதோ கேட்டார். அது கேள்விதான் என்பது எனக்கே புரிந்தது.

கணவர் ஜாடியைத் தலைகீழாகத் திருப்பி விலையைப் பார்த்தார். ஜாடியை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் பேச ஆரம்பித்தார். கைகள் காற்றில் மரம் அறுத்தன, ஆணி அடித்தன, வானத்தைக் காட்டின.

"என்னக்கா சொல்றார்?"

"இந்தக் காசுக்கு ஒரு கட்டில் செஞ்சிருக்கலாமாம். கால் நாலும் கடைசல் வேலையோட."

அவர் இன்னும் நிறுத்தவில்லை. அக்காவின் விரல்களில் பூச்சு கொஞ்சம் மிச்சமிருந்தது. எட்டி அவருடைய இரண்டு கைகளையும் பேச்சின் நடுவில் பிடித்துக்கொண்டார். மரத்தூளில் வெடித்துக் கிடந்த விரல் முட்டிகளில் அதைத் தடவி, ஒவ்வொரு விரலாக நிதானமாக நீவிவிட்டார். அது முடியும்வரை அந்த மனிதரால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை.