காலி சீட்டோடு மலையேறியவர்

செய்தி வந்தபோது நான் கூடலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே தோசைப் பார்சலுக்காக நின்றுகொண்டிருந்தேன். அம்மா போனில், "ஏலே, செல்லத்துரை மாமா எந்திரிக்க மாட்டேங்குறாகடா" என்றாள். அம்மா அவருடைய ஜீப்பில்தான் தினமும் குமுளி தாண்டி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறாள். "காலங்காத்தால விளையாடாதம்மா" என்றேன். எங்கள் வீட்டில் பொய்ச் செய்தி இலாகா என்னுடையது. அதை அம்மா கைப்பற்றிவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு போனுக்குள் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. எல்லோரையும் தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாமா ஸ்டீயரிங்கில் தலை சாய்த்திருக்கிறார். அசதியில் தூங்குகிறார் என்று நினைத்துச் சிலர் காய் பறிக்கவே போய்விட்டார்களாம்.

நம் திருச்சபை மலருக்கு இந்த அஞ்சலியை என்னை எழுதச் சொன்ன செயலாளர், "குறும்பு இல்லாமல்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். முயல்கிறேன். வாலிபர் சங்கத்தில் என் பங்கு வால் மட்டுமே என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் குறும்பு இல்லாமல் மாமாவைப் பற்றி எழுதினால் அது வேறு யாருக்கோ எழுதிய அஞ்சலியாகிவிடும்.

உங்களில் பலருக்கு அவர் செல்லத்துரை அல்ல, யோனா. பிறக்கும் முன்பே அவருடைய அம்மா அவரைப் போதக ஊழியத்துக்கென்று நேர்ந்து பொருத்தனை செய்திருந்தார்கள். வேதாகமக் கல்லூரிக்கு அனுப்பும்போது சபையே பொன்னாடை போர்த்தி வழியனுப்பியது. ஒரு வருடம்கூட ஆகாமல் திரும்பி வந்து ஜீப் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். வேதத்தில், கர்த்தர் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் வேறு பக்கம் ஓடியவன் யோனா. ஆகவே அந்தப் பெயர். "நான் ஓடலைடா, ஓட்டுறேன்" என்பார் மாமா. என்னைவிட வயதில் இருமடங்கு மூத்தவர், என்னைவிட மோசமாக ஜோக் அடிப்பவர். அவருக்கு ஜீப்பும் ஜெபமும் ஒன்றுதான்; இரண்டுமே காலையில் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகாது.

அந்த முன் சீட்டு விவகாரம் நான் எட்டாவது படிக்கும்போது தொடங்கியது. ஒருநாள் ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியபோது மலைப்பாதையில் ரேடியேட்டர் சூடாகி வண்டி நின்றுவிட்டது. ஆறட்டும் என்று கல்லில் உட்கார்ந்திருந்தவருக்கு, "உன் பக்கத்து இடத்தை எனக்கு விடு" என்று ஒரு குரல் கேட்டதாம். சத்தமாகவா, மனசுக்குள்ளா என்று கேட்டேன். "தெரியலடா. ஆனா என் குரல் இல்ல. என் குரல்னா வண்டிக்குத் தண்ணிய ஊத்துடான்னுதான் சொல்லியிருக்கும்" என்றார்.

அவர் முதலில் போனது நம் போதகரிடம். போதகர் சந்தோஷப்பட்டு, பக்கத்து இடம் என்பது இருதயத்தைக் குறிக்கிறது, கர்த்தர் உன்னை மறுபடியும் ஊழியத்துக்கு அழைக்கிறார் என்று விளக்கியிருக்கிறார். மாமா விடவில்லை. "ஐயா, இருதயம்னா இருதயம்னு சொல்லியிருப்பாருல்ல? எடம்னுதான் சொன்னாரு." மறுநாள் முதல் ஓட்டுநருக்கு அடுத்த சீட்டு காலி.

ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போவதென்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கிறுக்கு என்பது புரியும். பின்னால் ஒருவர் மடியில் ஒருவர், தூக்குவாளியும் சாக்குமாகப் பெண்கள் அடைந்திருப்பார்கள். முன்னால் ஒரு சீட்டு காற்று வாங்கும். என் அம்மாவின் கூட்டாளி பேச்சியம்மா அடிக்கடி சண்டைக்கு வருவாள்.

"ஏப்பா டிரைவரு, இங்கன எங்க இடுப்பு ஒடியுது. ஒஞ்சாமிக்கு மட்டும் முன் சீட்டாக்கும்?"

"அவருக்குத்தானான்னு எனக்கும் தெரியல ஆத்தா."

"தெரியாமத்தான் வச்சிருக்கியா?"

"ஆமா ஆத்தா."

"வெளங்கிரும்!"

யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் தயங்காமல் முன்னால் ஏற்றிக்கொள்வார். "இதுக்கெல்லாம் அவர்கிட்ட கேக்க வேண்டியதில்ல, ஏற்கெனவே வேதத்துல சொன்னதுதான்" என்பார். ஆனால் "இவருக்காகத்தான் இந்த இடம்" என்று ஒருபோதும் சொன்னதில்லை. அவர்கள் இறங்கியதும் சீட்டைத் துண்டால் தட்டிவிட்டு மறுபடி காலியாக வைப்பார்.

ஒரு லீவு நாளில் நான் அம்மாவோடு போய், குமுளியிலிருந்து திரும்பும்போது ஒரு பெரிய பலாப்பழத்துக்குச் சால்வை போர்த்தி அந்த சீட்டில் உட்கார வைத்தேன். மாமா ஏறினார், பார்த்தார், வண்டியை எடுத்தார். ஜீப்பே சிரிப்பை அடக்கிக்கொண்டு மலையிறங்கியது. கூடலூர் வந்ததும் பின்னால் திரும்பி, "ஆளு வந்துட்டாருன்னு நெனச்சேன். வழிநெடுகப் பேச்சுக் குடுத்துப் பாத்தேன், வாயே தொறக்கல" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் சால்வையை மட்டும் மெதுவாகத்தான் எடுத்தார். ஒரு நிமிடமாவது உண்மையாகவே எதிர்பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

போடியிலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள் கதை சபைக்கே தெரியும். நல்ல வியாபாரக் குடும்பம், பெண்ணுக்கும் மாமாவைப் பிடித்திருந்தது. எல்லாம் பேசி முடித்துக் காபி குடிக்கும்போது பெண்ணின் அப்பா விளையாட்டாகத்தான் கேட்டார்: "மாப்ள, அந்த முன் சீட்டுல எங்க பொண்ணு உக்காரலாம்ல?" உலகத்தில் எந்த மாப்பிள்ளையும் உடனே ஆமாம் என்று சொல்லியிருப்பார். மாமா யோசித்துவிட்டு, "கேட்டுச் சொல்றேன்" என்றார். யாரிடம் கேட்கப்போகிறார் என்பது அவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாமா உண்மையாகவே உபவாசமிருந்து கேட்டார். பதில் வரவில்லை. வராத பதிலை வந்ததாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமான வாரத்து ஞாயிற்றுக்கிழமை, மாமா பாடகர் குழுவில் நின்றார், பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

அதன்பிறகு நடந்த எழுப்புதல் கூட்டத்தையும் சொல்ல வேண்டும். வழக்கமாக எழுப்புதல் கூட்டங்களில் நான் தூங்குவேன். அன்று தூங்க முடியவில்லை. வெளியூர்ப் பிரசங்கியாரிடம் யாரோ மாமாவைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தார்கள். "இங்கே ஒரு யோனா ஒளிந்திருக்கிறான்" என்று அவர் முழங்கினார். எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது. மாமாவை முன்னால் வரவழைத்து, சபை மூப்பர்கள் சுற்றி நின்று தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள். கடைசியில் பிரசங்கியார் மைக்கை நீட்டி, "இப்போதாவது கீழ்ப்படிகிறாயா மகனே?" என்றார்.

"கீழ்ப்படிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கேன் ஐயா. காலைல வண்டி எடுக்கணும், போகட்டுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவர் பாடகர் குழுவில் இல்லை. ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில், சேட்டைக்காரன் என்று நீங்கள் என்னைத் தள்ளிவைத்திருந்த இடத்தில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எடம் காலியா?" என்று கேட்டார். "கேட்டுச் சொல்றேன்" என்றேன். முதுகில் ஒன்று வைத்தார்.

அந்தப் பெஞ்சில்தான் எனக்கு அவரைத் தெரிந்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்கும்போது அவரிடம் வருகிற கைகள் குறைந்துகொண்டே போனதைப் பார்த்தேன். அவருடைய பிரச்சினை சபை பேசாததல்ல. அன்று மலையில் பேசியவர் பிறகு பேசவே இல்லை, அதுதான். போன மாதம் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் முன்னால் போயிருந்தபோது, அவர் எழாமல் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"ஏலே, அன்னைக்கு மலையில நான் சரியாத்தான் கேட்டேனா?"

"தெரியல மாமா" என்றேன்.

"நல்லது. எல்லாரும் உடனே ஆமாங்குறாக, இல்லாட்டி இல்லைங்குறாக. எனக்கும் தெரியலடா." முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தபடி சொன்னார்: "தப்பாக் கேட்டிருந்தா அவரு மன்னிச்சிருவாரு. சரியாக் கேட்டுட்டு விட்டுட்டேன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?" பிறகு எழுந்து, வரிசையின் கடைசி ஆளாகத் திருவிருந்துக்குப் போனார்.

அடக்கத்தன்று எல்லோரும் அந்த சீட்டுக்கு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்கள். பிரசவ வலியோடு கம்பத்துக்குக் கொண்டுபோன தன் மகளுக்காகத்தான் அந்த இடம் என்று பேச்சியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பாம்பு கடித்த தன் தம்பிக்காக என்றார் ஒருவர். கிறிஸ்துவே அதில் அமர்ந்து பயணம் செய்தார் என்றார் போதகர். யோனா என்று கூப்பிட்ட வாய்கள் ஆமென் சொன்னன. எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் இதில் ஒன்றாவது போன மாதம் அவர் காதில் விழுந்திருக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் தெரியாமலே போனார். தெரிந்துகொண்டு போனதாக நாம் எழுதிவைக்கக் கூடாது. அவர் பட்ட பாடே அந்தத் தெரியாததில்தான் இருக்கிறது.

மாமா, நீங்கள் கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. மலையில் பேசியது யாரென்று நான் அறியேன். "தெரியலடா" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையிலும் நீங்கள் அப்படியே வண்டியை எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதுதான். ஞாயிறுதோறும் சாட்சி சொல்ல அழைக்கும்போது நான் ஒருநாளும் எழுந்ததில்லை. வருகிற ஞாயிறு எழுந்து இதை மட்டும் சொல்லலாம் என்றிருக்கிறேன். கடைசி பெஞ்சிலிருந்து மைக் வரைக்கும் நடக்க வேண்டும். பெஞ்சில் என் பக்கத்து உங்கள் இடம் காலி, யாருடைய முழங்காலிலும் இடிக்காமல் வெளியே வந்துவிடலாம். அதை நினைத்தால்தான் எழ முடியுமா என்று தெரியவில்லை.