பாலகுரு போட்ட கடைசி ஓவர்

அப்போதெல்லாம் முனியராஜ் கடைக்கு வருகிறான் என்றால் முதலில் அவன் குரல் வரும், ஆள் அதற்குப் பிறகுதான் வருவான். செவல்காட்டுக்குப் பாதை பிரிகிற விலக்கில், பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆள் ஏற்றுகிற இடத்தில், என் டீக்கடை இருக்கிறது. எனக்குக் கிரிக்கெட் என்றாலே ஆகாது. ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, அது ஆறிப்போகிற வரைக்கும் பந்தைப் பற்றியே பேசுகிறவர்களைப் பார்த்தால், பாய்லர் வெந்நீரை எடுத்துத் தலையில் ஊற்றலாமா என்று இருக்கும். அப்படி நான் அதிகமாகத் திட்டியது முனியராஜைத்தான். இப்போது அவனைப் பற்றிச் சொல்லவும் நான்தான் இருக்கிறேன். ஊரில் வேறு யாரும் அவன் பேரை எடுப்பதில்லை.

அவன் ஒரு நாளும் பந்து பிடித்து விளையாடியவன் இல்லை. சின்ன வயதில் திரி பற்றிக்கொண்டதில் வலது கையில் இரண்டு விரல்கள் ஒட்டிப்போய்விட்டன. "இந்த ரெண்டு விரல் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா நான் எங்கன இருந்திருப்பேன் தெரியுமாக்கா?" என்பான். "எங்கன இருந்திருப்ப? இங்கனதாம்லே, என் பெஞ்சுலதான்" என்பேன். ஒட்டுமொத்தக் கடையும் சிரிக்கும். அவனும் சிரிப்பான்.

கம்பெனியில் அவனுக்கு மருந்து கலக்குகிற வேலை. அலுமினியப் பொடி, வெடியுப்பு, கந்தகம் எல்லாவற்றையும் சலித்துக் கையால் கலந்து, வெடிக்குள் மருந்து நிரப்புகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பொடி ஒட்டினால் லேசில் போகாது. அவன் குடித்து வைத்த டம்ளரில் விரல் அச்சு வெள்ளியாக மின்னும். புளி போட்டுத் தேய்க்க வேண்டும். "உனக்கு டீ கொடுத்தா எனக்கு ரெட்டை வேலைலே" என்று தினமும் ஒரு பாட்டு விடுவேன்.

அவன் உயிரெல்லாம் செவல்காட்டு டீம்தான். இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பையை ஜெயித்த வருடம் அது. சுற்றுவட்டாரத்து இளவட்டங்களுக்கு அந்தப் பைத்தியம் தலைக்கு ஏறியிருந்தது. தீபாவளிக்கு முன்னால் டென்னிஸ் பந்தில் ஒரு கோப்பை நடத்தினார்கள். விஸ்வநத்தம், டவுன் என்று எட்டு டீம். எல்லாரும் எல்லாரோடும் ஆடி, மேலே இருக்கிற நான்கு டீம் அரையிறுதிக்குப் போக வேண்டும். என் கடைச் சுவரில் சாக்கட்டியால் பாயிண்ட் எழுதி வைத்தான் முனியராஜ். ஒவ்வொரு ஞாயிறும் அழித்து எழுதுவான். சாமி படத்துக்குப் பக்கத்தில் எழுதாதே என்று நான் கத்தியதெல்லாம் காற்றோடு போயிற்று.

எங்கள் டீமுக்குப் பந்து போடுகிறவன் பாலகுரு. அதே கம்பெனியில் மருந்து நிரப்புகிற பையன், முனியராஜுக்குத் தூரத்து உறவு. மாமா என்பான், இவன் மாப்ள என்பான். கலியாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பையன், ஆனால் பந்தைக் கையில் எடுத்தால் வேறு ஆள் என்பார்கள். அந்தத் தொடரில் விக்கெட் அதிகம் எடுத்தது அவன். ரன் அதிகம் அடித்தது டவுன் டீமின் ராஜபாண்டியன், பிரஸ் முதலாளி வீட்டுப் பையன். தொடர் நாயகன் விருது யாருக்கு? இதுதான் என் கடையில் ஓயாத சண்டை.

"ரன் அடிச்சவனுக்குத்தான் கொடுப்பாக. எங்கேயும் அதான் வழக்கம்" என்பார் வேன் டிரைவர் காசிராஜன். டவுன்காரர்.

"அவன் யார்ட்ட அடிச்சான்? சொத்தை டீம்கள்ட்ட அடிச்சான். எங்க பந்துல எம்புட்டு அடிச்சான், சொல்லுங்க பாப்போம்! மாப்ள வாரம் பூரா மருந்துக்குள்ள கெடந்துட்டு வந்து போடுதான்யா. அவனுக்குக் கொடுக்காம எவனுக்குக் கொடுப்பீக? அந்த விருது மட்டும் அவனுக்கு வரட்டும், இருக்கன்குடி கோயில்ல மொட்டை போடுதேன்."

"மொட்டை போடுறதுக்குத் தலையில என்னலே இருக்கு?" என்று கேட்பேன்.

கடைசி லீக் மேட்சுக்கு வந்தபோது நாங்கள் ஐந்தாவது இடத்தில் இருந்தோம். நாங்கள் ஜெயிக்க வேண்டும், அதே நேரத்தில் வேறு மைதானத்தில் விஸ்வநத்தம் தோற்க வேண்டும். இரண்டும் நடந்தால் அரையிறுதி. ஊரே நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தது. சீசன் நேரம் ஆனதால் ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் வரை வேலை உண்டு. அதை முடித்துவிட்டு மைதானத்துக்கு ஓட வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மருந்தை அப்போதைக்கு வேண்டியதை மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். கலந்ததை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. மிஞ்சினால் தூரத்தில் கொண்டுபோய்த் தண்ணீரில் முக்கி அழித்துவிட வேண்டும். விட்டுவைத்த மருந்தில் லேசாக ஈரக்காற்று பட்டாலும் போதும், உள்ளுக்குள்ளேயே புழுங்கிச் சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். இது எங்கள் ஊரில் நண்டு சிண்டுகளுக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முனியராஜ் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று அரைநாள் மருந்து மொத்தத்தையும் காலையிலேயே ஒரே மூச்சில் கலந்துவிட்டான். பாலகுரு மேட்சுக்காக முன்னாலேயே போய்விட்டான். நிரப்புகிறவர்களில் பாதிப் பேருக்கும் மைதானத்தில்தான் கண். ஒருவர் பின் ஒருவராக நழுவிவிட்டார்கள். மருந்து மிஞ்சிப்போயிற்று.

"அழிச்சிரட்டுமா?" என்று போர்மேன் சீனிவாசகத்திடம் கேட்டிருக்கிறான்.

"ஆர்டர் தலைக்கு மேல நிக்கு, மருந்தை மண்ணாக்கப் போறியா? சாக்கைப் போட்டு மூடிட்டுப் போ. காலையில மொத வேலையா நிரப்பிக்கலாம்."

எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுகிறவன், அன்றைக்குப் பேசவில்லை. டாஸ் போடுகிற நேரம் நெருங்கிவிட்டது. சாக்கைப் போட்டு மூடிவிட்டு ஓடினான். இதெல்லாம் பின்னால் அவனே என்னிடம் சொன்னது.

நாங்கள் ஜெயித்தோம். விஸ்வநத்தம் தோற்றது. சாயங்காலம் பாலகுருவைத் தோளில் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். கிரிக்கெட் பிடிக்காத நானே எல்லாருக்கும் சும்மா டீ ஊற்றினேன், பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டுகிற நேரத்தில் ஒரு தூறல் விழுந்தது. மழை வந்ததே என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

மறுநாள் காலை முனியராஜ் சுவரில் செவல்காட்டை நான்காவது இடத்தில் எழுதினான். காசிராஜன் விடவில்லை. "அரையிறுதிக்கு வந்தா மட்டும் விருது வந்துருமா? அது ராஜபாண்டியனுக்குத்தான்" என்று கிளறிவிட்டார். அவ்வளவுதான், இவன் சாக்கட்டியும் கையுமாக வரிந்துகட்டிக்கொண்டு நின்றுவிட்டான். எப்போதும் முதலில் போய் மருந்து ரூமைத் திறப்பவன் அவன்தான். பாலகுரு சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"மாமா, நீங்க பேசி முடிச்சிட்டு மெதுவா வாங்க. சாவியைக் கொடுங்க, நான் போய்த் தெறக்கேன்."

முனியராஜ் பேச்சை நிறுத்தாமலே சாவியை எடுத்து நீட்டினான்.

கம்பெனி என் கடைக்குப் பின்னால், கருவேலங்காட்டைத் தாண்டினால் வந்துவிடும். சத்தம் கேட்டபோது என் டம்ளர்கள் எல்லாம் கீழே விழுந்தன. முனியராஜ் ஓடினான். அவன் ஓடிய மாதிரி ஒரு மனுசன் ஓடி நான் பார்த்ததில்லை.

பாலகுரு அங்கேயே முடிந்துபோனான். சீக்கிரமே வந்து பக்கத்து ரூமில் திரி செருகிக்கொண்டிருந்த பத்திரகாளி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போய்விட்டாள். பாவம், அந்தப் பொம்பளைக்குக் கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது.

பழி யார் தலையில் விழும்? செத்தவன் தலையில்தான். வேலை நேரத்துக்கு முன்னாலேயே பாலகுரு உள்ளே போனான், மருந்துச் சட்டியைத் தரையோடு இழுத்தான், உரசிப் பற்றிக்கொண்டது என்று சீனிவாசகம் போலீசிடம் சொல்லிவிட்டார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. மேட்ச் ஜெயித்த திமிரில் ஆட்டம் போட்டான், அடுத்தவளையும் சேர்த்துக் கொன்றான் என்றார்கள். பத்திரகாளியின் புருசன், ஊர்க்காவலன் என்று பேர், பாலகுருவின் வீட்டு வாசலில் நின்று மண்ணை அள்ளி வீசினான். பாலகுருவின் பெண்டாட்டி இசைவாணி குழந்தையை அணைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயடிக்குப் போனாலும் அவளோடு ஒருத்தியும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

செவல்காட்டு டீம் அரையிறுதி ஆடவில்லை. எங்கள் இடம் விஸ்வநத்தத்துக்குப் போயிற்று. விருதுக்கு எடுத்துவைத்திருந்த பேர்களிலிருந்து பாலகுருவை அடித்துவிட்டார்கள். வெடி விபத்துக்குக் காரணமானவனுக்கு மேடையில் எப்படி விருது கொடுப்பது என்று கேட்டார்களாம்.

ஒரு மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது முனியராஜ் வந்தான். எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினான். கலந்தது, மிஞ்சியது, சாக்கு, டாஸ், எல்லாம். சீனிவாசகம் வேறொரு கம்பெனியில் அவனுக்கு வேலை சொல்லிவைத்திருக்கிறாராம், வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதுமாம்.

"நான் சொன்னா உள்ள போட்டுருவாங்கக்கா."

"போடுவாங்க."

"அப்புறம் எவனும் என்னைய வேலைக்குச் சேக்க மாட்டான்."

"சேக்க மாட்டான்."

"ஊர்க்காவலன் என்னைய வெட்டினாலும் வெட்டிருவான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு சீசன் பூரா என் பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு அவனுக்காகப் பேசினியேலே! பேச வேண்டிய நேரத்துல வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? அந்தப் புள்ள இசைவாணி தண்ணி எடுக்கக்கூடத் தெருவுல எறங்க முடியல. போய்ப் பேசுலே!" என்று கத்தினேன். அவன் எழுந்து போனான்.

இறுதிப்போட்டி தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால வெயிலில் முடிந்தது. பரிசு கொடுக்கும்போது கூட்டத்தில் நானும் நின்றேன். வாழ்க்கையில் நான் பார்க்கப் போன ஒரே மேட்ச் அதுதான், அதிலும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தொடர் நாயகன் ராஜபாண்டியன் என்று மைக்கில் சொன்னார்கள். அந்தப் பையன் மேலே ஏறிக் கும்பிட்டு வாங்கிக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அப்போது முனியராஜ் மேடையில் ஏறினான். ஏதோ வாழ்த்த வருகிறான் என்று நினைத்து மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

"பாலகுரு மேல எந்தத் தப்பும் இல்லை" என்றான். அவன் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை. "மருந்தை மொத்தமாக் கலந்தது நான். மிஞ்சினதை அழிக்காம மூடிப்போட்டது நான். போர்மேன் மூடச் சொன்னாரு, நானும் மேட்ச்சுக்கு நேரமாச்சுன்னு மூடிட்டேன். அவனுக்கு அந்தச் சட்டி அங்கன இருக்குன்னே தெரியாது. தெறக்க வேண்டிய ஆளு நான்."

மைக்கைப் பிடுங்கினார்கள். அதற்குள் ஊர்க்காவலன் மேலே ஏறிவிட்டான். முனியராஜ் கையைக்கூடத் தூக்காமல் அடியை வாங்கினான். ஊர்க்காவலனை இழுத்துக்கொண்டு போன பிறகு போலீஸ் வந்தது.

மூடச் சொல்லவே இல்லை என்று சீனிவாசகம் சாதித்துவிட்டார். அவர் இன்றைக்கும் போர்மேன்தான், வேறு கம்பெனியில். உள்ளே போனது முனியராஜ் மட்டும். ஊர்க்காவலன் இசைவாணி வீட்டுக்குப் போய், வாசலில் நின்று அழுதுவிட்டு வந்தான். பெண்கள் அவளோடு பேச ஆரம்பித்தார்கள். விருதை யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை, மாற்ற வேண்டும் என்று கேட்கவும் ஆள் இல்லை.

ஜாமீனில் வந்த பிறகு முனியராஜ் விறகு வெட்டப் போகிறான். காலையில் கடைக்கு வருவான். பெஞ்சில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள், அதனால் ஓரத்தில் கல்லின் மேல் உட்காருவான். டீயைக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிடுவான். அதில் இப்போது வெள்ளி அச்சு இல்லை. எனக்கு அவன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை, ஆனால் அவனுக்கு டீ ஊற்றாமலும் இருக்க முடியவில்லை.

அடுத்த வருடம் மறுபடியும் கோப்பை வந்தது. மறுபடியும் பெஞ்சில் பாயிண்ட், ரன்ரேட், விருது என்று சண்டை. அவன் தலையைக் குனிந்துகொண்டே இருப்பான்.

அப்படி ஒரு காலையில் இசைவாணி வந்தாள். அவளும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள், தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு. வேறு என்ன வேலை இருக்கிறது எங்கள் ஊரில்? வேனுக்காக நிற்கிறவள், நேராக அவன் முன்னால் போய் நின்றாள். முனியராஜ் அடி வாங்குகிறவன் மாதிரி எழுந்து நின்றான்.

"அண்ணே, அன்னைக்கு நான் மேட்ச் பாக்க வரலை. பிள்ளைக்குக் காய்ச்சல். அவரும் வந்து அசதியில படுத்துட்டாரு, காலையில சொல்றேன்னாரு. கடைசி ஓவர் எப்படிப் போட்டாருன்னு எல்லாரும் சொல்றாக. நீங்க சொல்லுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய முடியும்? அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"அவனுகளுக்கு ஒம்பது ரன் வேணும்மா" என்று ஆரம்பித்தான். "மொதப் பந்து கால்கிட்டப் போட்டான், தொட முடியல. ரெண்டாவது பந்துல ரெண்டு ஓடிட்டாங்க. மூணாவது மெதுவாப் போட்டான். அடிக்கிறவன் அவசரப்பட்டு மேல தூக்கினான், மாப்ளயே ஓடிப்போய்ப் பிடிச்சிட்டான். நாலாவது பந்துல ஒண்ணு. அஞ்சாவது பந்தை ஒருத்தன் நாலுக்கு அடிச்சிட்டான். எங்களுக்கு உசுரே போயிருச்சு."

"அவரு என்ன செஞ்சாரு?"

"சிரிச்சாம்மா. கையை மண்ணுல தேச்சுக்கிட்டுச் சிரிச்சான். ரெண்டு எடுத்தா அவனுக ஜெயிச்சிருவானுக. ஓடி வந்து போட்டான். ஸ்டம்பு எகிறிருச்சு."

வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. இசைவாணி நகரவில்லை.

"அம்புட்டுத்தானா, அண்ணே?"

"அம்புட்டுத்தாம்மா."

அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் வேனில் ஏறினாள்.