வண்டி விளக்கில் இருந்த ஸ்பிரிங்

சுரங்க ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரையின் மோட்டார், மதராஸில் இரண்டு பேர் ஓட்டிச் சலித்துக் கழித்துவிட்ட பழசு. 1908இல் ரயிலில் வந்து இறங்கியபோது தங்க வயலின் கோரமண்டல் பகுதியே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. கொஞ்ச நாள் புகை கக்கிக்கொண்டு ஓடியது. பிறகு ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

ஏனோக், சுரங்கத்தின் அடியில் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர். துரை அவனைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிளப்பிக் காட்டினால் அவன்தான் டிரைவர்; இல்லாவிட்டால் மோட்டாரை விற்றுவிட்டுப் பழையபடி குதிரை வண்டிதான் என்றார். ஏனோக்குக்கு அந்த வேலை உயிருக்குச் சமம். போன வருஷம் அடியில் பாறை வெடித்து அவன் தம்பி செத்துப்போனான். அன்று முதல், ஏனோக் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும்வரை அவன் மனைவி லூயிசா ஒரு பருக்கை வாயில் வைப்பதில்லை. வயிற்றில் பிள்ளை வேறு. தரைக்கு மேலே ஒரு வேலை கிடைத்தால் அவள் நேரத்துக்குச் சாப்பிடுவாள்.

கோளாறு தெரிந்துபோயிற்று. எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வின் ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. ஒடிந்த துண்டை ஏனோக் விரலால் அமுக்கிப் பார்த்தான். தொட்டாலே அமுங்கியது. வயசாகி வலுவிழந்துவிட்டது என்று முடிவு கட்டினான். தங்க வயலில் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். கயிறோ, சங்கிலியோ, ஆளைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டோ, வலுவில்லாததை நம்பி இறங்கினவன் பிணமாகத்தான் ஏறுவான். அதனால் பம்பின் ஸ்பிரிங் ஒன்றை அளவு பார்த்து வெட்டி மாட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தது. மோட்டார்தான் மூச்சே விடவில்லை. அதைவிடத் தடியாக ஒன்று போட்டான். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாட்ச்மேனைக் கைப்பிடியைச் சுற்றச் சொல்லிவிட்டுக் காற்றுக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். உறிஞ்சவே இல்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பம்பில் வால்வைத் தள்ளித் திறக்கத் தண்ணீர் இருக்கிறது. இங்கே தள்ளுவதற்கு ஆளில்லை. எஞ்சின் இழுக்கிற மூச்சிலேயே வால்வு திறக்கவேண்டும். அந்த ஸ்பிரிங் பிறவியிலேயே சவலை. சவலையாக இருப்பதுதான் அதற்கு உத்தியோகம்.

இரும்பாலேயே கட்டின ஊரில் ஒரு சவலை ஸ்பிரிங்குக்காக நாய் படாத பாடு பட்டான். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடை பாக்கியில்லை. சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பியபோது, துரையின் குதிரை வண்டியை ஓட்டும் சம்பங்கி லாயத்து வாசலில் வண்டி விளக்குக்கு மெழுகுவர்த்தி மாற்றிக்கொண்டிருந்தார். அந்த விளக்கின் குழாய்க்குள் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று உண்டு. வர்த்தி உருக உருக அதை மெதுவாக மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஏனோக் பார்த்துக்கொண்டே நின்றான். எந்த முகத்தோடு கேட்பது? மோட்டார் ஓடினால் இந்த மனிதரின் குதிரை நிற்கும்.

"இன்னா ஏனோக்கு, விளக்கையே பாத்துனு கீற?"

"ஒண்ணும் இல்லண்ணா."

"ஸ்பிரிங்குக்காவ பேட்டை பூரா அலஞ்சியாமே. இது ஆவுமா பாரு."

"ஆவும்ண்ணா. ஆனா உன் பொழப்பு..."

சம்பங்கி ஸ்பிரிங்கை உருவி அவன் கையில் வைத்தார். "உன் தம்பிய தூக்கினு வந்தது இந்த வண்டிதான். உன்னயும் தூக்க என்னால ஆவாது. எட்த்துனு போ."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடிக்கும்போது மோட்டார் கிளம்பியது. துரை சொன்ன சொல் தவறவில்லை. ஏனோக் டிரைவரானான். குதிரையை பெங்களூரில் யாருக்கோ விற்றார்கள். சம்பங்கிக்குச் சுரங்கத்தில் இடம் கிடைத்தது. கூண்டில் இறங்கக் காத்திருந்தவர்களின் நடுவே, அடியில் வெளிச்சத்துக்குக் கொளுத்தும் மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றதை ஏனோக் மோட்டாரில் போகும்போது பார்த்தான். "வண்டி நல்லா ஓடுதா?" என்று கேட்டார். "ஓடுதுண்ணா" என்றான்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே லூயிசா இரண்டு தட்டு வைத்து அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். எதிர்வீட்டு வாசலில் சம்பங்கியின் மனைவி பாப்பம்மா, சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டு, சுரங்கம் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.