நீலப் பக்கம், சிவப்புப் பக்கம்

அந்த வருடங்களில் நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் வெடிப்பெட்டி லேபிளும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. ஓர் ஆவணியில், காலண்டர் சீசன் சூடுபிடித்திருந்தபோது, சென்னையிலிருந்து ஒரு விற்பனை அதிகாரி வந்தார். வெளிநாட்டுப் பட டிஸ்க்குகளைக் கடைகளுக்கு விற்கும் கம்பெனி அவருடையது. எந்த ஸ்டுடியோ எந்தப் படத்தை எப்போது டிஸ்க்கில் வெளியிடப் போகிறது என்று ஆர்ட் பேப்பரில் ஒரு கேட்டலாக் வேண்டும் என்றார்.

டிவிடிக்கு அடுத்ததாக அப்போது இரண்டு வகை டிஸ்க்குகள் போட்டியில் இருந்தன, ப்ளூ-ரே என்றும் ஹெச்டி டிவிடி என்றும். ஒன்றின் டிஸ்க் இன்னொன்றின் மெஷினில் ஓடாது. ஸ்டுடியோக்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்திருந்தன. சில ஸ்டுடியோக்கள் இரண்டு பக்கமும் இருந்தன. ப்ளூ-ரே படங்களுக்கு நீலப் பக்கம், மற்றதற்குச் சிவப்புப் பக்கம் என்று வடிவமைத்தேன். பல வண்ணத்தில் நான் தனியாகச் செய்த முதல் வேலை அது. பெருமையாக இருந்தது.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் அதிகாரியிடமிருந்து இரண்டு டிஸ்க்கையும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு தம்பி. படமும் ஒண்ணுதான?"

"ஆமா சார்."

"பெறகு எதுக்குச் சண்டை?"

அதிகாரி வெகுநேரம் விளக்கினார். அண்ணாச்சி மரியாதைக்குத் தலையாட்டினார்.

அச்சுக்குப் பிளேட் போட்ட மறுநாள் போன் வந்தது. இரண்டு பக்கமும் இருந்த ஒரு ஸ்டுடியோ இனிமேல் சிவப்பில் மட்டும்தானாம். நீலப் பக்கங்களைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். ஐப்பசியில் தேதிகள் மாறின. கார்த்திகையில் படங்கள் மாறின. என் சொந்தக்காரர்களில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதைவிட, அந்த ஸ்டுடியோக்களின் உறவுமுறை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"எல்லாத்தையும் கத்தரிப்பூ கலர்ல போட்டுரும்மா" என்றார் அண்ணாச்சி. "எவுக எங்கன போனாலும் நமக்கு வேலை மிச்சம்."

மார்கழியில் ஒருவழியாக அச்சடித்து, நடுவில் பின் அடித்து, பண்டல் கட்டினோம். அதே வாரம் மறுபடி போன். இருப்பதிலேயே பெரிய ஸ்டுடியோ ஒன்று சிவப்பை விட்டு நீலத்துக்குப் போய்விட்டதாம்.

மறுபடி அச்சடிக்க அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. சிவப்புப் பக்கத்தில் அந்த ஸ்டுடியோவின் கட்டங்கள் மேல் நீல ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று முடிவானது. தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிப் பழகிய பெண்களை வரவழைத்தார். அவர்களில் ஒரு அக்கா ஒட்டுவதை நிறுத்தி, ஒரு படத்தை உற்றுப் பார்த்தார்.

"இது கடலுக்குள்ள ராட்சச மீன் வர்ற படந்தான? எங்க வீட்ல தீவாளிக்கே சிடி போட்டுப் பாத்தோமே. அந்த மீன் கடைசில செத்துப்போகும்."

"இங்லீஷ்லயா பாத்தீக?" என்று கேட்டேன்.

"தமிழ்லதான். கப்பல்காரன் நல்லாப் பேசுவான்."

நான் பக்கத்தைப் பார்த்தேன். ஏப்ரலில் வெளியாகும் என்று கொட்டை எழுத்தில் நான்தான் போட்டிருந்தேன். நீலத்திலா சிவப்பிலா என்று ஸ்டுடியோக்காரர்கள் யோசித்துக்கொண்டிருந்த படத்தை அந்த அக்காவின் ஊரான விஸ்வநத்தத்துத் தெருக்களில் பார்த்து முடித்து, கதையும் பேசி ஓய்ந்திருந்தார்கள். அக்கா அடுத்த ஸ்டிக்கரை உரித்தார்.

மாசியில் அதிகாரி நேரிலேயே வந்தார். சிவப்பு மெஷின் செய்த கம்பெனியே தோற்றோம் என்று அறிவித்துவிட்டதாம். சிவப்புப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று கேட்டார். ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினேன். நடுவில் பின் அடித்திருப்பதால் ஒரு சிவப்புத் தாளை உருவியதும், அதன் மறுபாதியான நீலத் தாளும் கையோடு வந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். "நான் வீட்டுக்கு வாங்கினதும் சிவப்பு மெஷின்தாங்க. ஸ்டாஃபுக்குத் தள்ளுபடின்னாங்க."

அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. டீ வரவழைத்தார். பண்டல்களைப் பழைய பேப்பருக்கே போடச் சொல்லிவிட்டு, அதிகாரி எழுந்தபோது ஒரு பெரிய பட்டாசுப் பெட்டியைக் கையில் கொடுத்தார்.

"ரயில்ல பட்டாசு கொண்டுபோக விடமாட்டாக சார்" என்றேன்.

அதிகாரி பெட்டியை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என் மேசைமேல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தார்.