மேற்கோள் குறிக்குள் ஒரு சினிமா வசனம்

அன்றைய காலை, சென்னையிலிருந்து வந்த செய்தி ஆசிரியரின் போனோடு விடிந்தது.

"யாரும்மா அந்தப் பொம்பள? பேரக் குடு. நாளைக்கே பேரோட போட்டு அந்த பிளாக்கர் வாயை அடைச்சிடலாம்."

இரண்டாயிரங்களின் கடைசி, இலங்கையில் போர் உச்சத்தில் இருந்தது. நான் ஒரு தமிழ் நாளிதழின் புதுச்சேரி நிருபர். வன்னியிலிருந்து முன்பே தப்பி வந்து முதலியார்பேட்டையில் குடியிருந்த ஒரு பெண்ணைப் பேட்டி எடுத்திருந்தேன். அவருடைய தம்பி இன்னும் அங்கே மாட்டிக்கொண்டிருந்தான். எப்போதாவது போனில் பேசுவான். பெயர் வெளியே வந்தால் அவனுக்கு ஆபத்து. அதனால் பெயரில்லாமல் எழுதி, சென்னையில் செய்திகளைத் திருத்தும் டெஸ்க்குக்கு அனுப்பினேன். அது முந்தைய நாள் அச்சில் வந்திருந்தது; நான் இன்னும் பார்க்கவில்லை.

கருவடிக்குப்பத்தில் இருந்த ஒரு கல்லூரி விரிவுரையாளர் வலைப்பதிவு எழுதுவார். போர்ச் செய்திகளை வரிவரியாகப் பிரித்து மேய்வது அவருக்குப் பிடித்த வேலை. இந்த முறை சிக்கியது நான். "'எங்கள் கண்ணீர் வற்றிவிட்டது, இனி ரத்தம்தான் மிச்சம்' என்று எந்த வன்னிப் பெண் பேசுவாள்? இது சினிமா வசனம். அப்படி ஒரு பெண்ணே கிடையாது" என்று எழுதியிருந்தார். பின்னூட்டங்களில் பெயர் சொல்லாத அனானிகள் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

பேப்பரைப் பிரித்துப் பார்த்தேன். அந்த வரியை நான் எழுதவேயில்லை. ஆசிரியரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"சார், இந்தக் கண்ணீர், ரத்தம் கோட் எங்கேர்ந்து வந்துச்சு?"

"நீ எழுதுன காப்பி தட்டையா இருந்துச்சும்மா. டெஸ்க்ல கொஞ்சம் உணர்ச்சி சேர்த்தோம்."

"அவங்க பேசுனதுக்குள்ளயா சேர்ப்பீங்க?"

"போர்ச் செய்தின்னா படிக்கிறவன் அழணும். அத வுடு, பேரச் சொல்லு."

"பேரு தர மாட்டேன். அந்த வரிக்குத் திருத்தம் போடுங்க சார்."

"திருத்தம் போட்டா அந்தாளு ஜெயிச்ச மாதிரி ஆயிடும்!"

போனை வைத்தேன். உடனே பதிவரின் அழைப்பு. "அப்படி ஒருத்தங்க இருந்தா பேரச் சொல்லுங்க மேடம், பதிவை எடுத்துடறேன்." எனக்குத் தலை சூடாகிவிட்டது. ஒருத்தருக்குப் பேப்பர் மானம், இன்னொருத்தருக்குத் தன் பதிவு. அந்தப் பையன் உயிரோடு இருக்கிறானா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

முதலியார்பேட்டைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். பேப்பரைப் படித்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"நான் இப்பிடிச் சொல்லேல்லையே அக்கா."

"தெரியும்மா. நீங்க பேசுனது என்கிட்ட ரெக்கார்டுல இருக்கு. அத அந்தப் பதிவு எழுதுனவருக்குப் போட்டுக் காட்டலாமா?"

பேப்பரை மடித்துத் திருப்பித் தந்தார். "குரலைக் கேக்கட்டும். பேர் மட்டும் சொல்லாதேங்கோ."

மாலையில் விரிவுரையாளரின் வீட்டுக்குப் போய் ரெக்கார்டரை மேசைமேல் வைத்துப் போட்டேன். கையில் பேப்பரோடு, தப்புப் பிடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"பங்கருக்குள்ள முழங்கால் மட்டுக்கும் தண்ணியாம் அக்கா. படுக்க இடமில்லையாம். தம்பி நிண்டபடியே நித்திரை கொள்ளுறானாம்."

அவர் பேப்பரில் பதுங்குகுழி பற்றிய அந்த வரியைத் தேடினார். மேலிருந்து கீழே இரண்டு முறை பார்த்தார்.

"இது ஏன் வரல மேடம்?"

"இடம் போதலையாம். இத எடுத்துட்டுதான் கண்ணீரையும் ரத்தத்தையும் போட்டிருக்காங்க."

மறுநாள் அவர், பெண் உண்மை, வசனம் பொய் என்று பதிவிட்டார். அதே அனானிகள், பேப்பர்காரனிடம் விலைபோய்விட்டார் என்று அவரைத் திட்டினார்கள். எங்கள் பேப்பரில் இரண்டு வரித் திருத்தம் வந்தது, ஒரு துணிக்கடை விளம்பரத்துக்குக் கீழே. அதற்கே ஆசிரியர் என்னோடு ஒரு மாதம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மேற்கோள் குறிக்குள் இருப்பது உங்களுடையது அல்ல, டெஸ்க்கினுடையதும் அல்ல. தட்டையாக இருந்தால் தட்டையாகவே இருக்கட்டும். பக்கம் அச்சுக்குப் போகும் முன் டெஸ்க்குக்குப் போன் போட்டு, மேற்கோளை மட்டுமாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திட்டுவார்கள். கேளுங்கள்.

திருத்தம் வந்த வாரத்தில் அந்தப் பெண் போன் செய்தார். "தம்பி சொன்னதை எப்ப போடுவினம் அக்கா? அவன் வந்தால் காட்டோணும்."

ஆசிரியரிடம் கேட்டேன். "பழைய மேட்டரும்மா" என்றார்.